பாட்டில் பிள்ளைக்கு ஓர் இடம்: அரையாண்டு விடுமுறை முதல் போகி வரை

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிய மறுநாள் காலை, பத்து மணி ஆவதற்குள் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "அம்மா, இப்போது என்ன செய்வது?" பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டரை. கைபேசியைக் கையில் கொடுத்தால் வீடு அடங்கிவிடும். ஒரு விடுமுறை முழுவதும் அப்படித்தான் அடக்கினேன். பள்ளி திறந்தபோது பையனுக்கு எத்தனையோ பாட்டுகள் தெரிந்திருந்தன. ஆனால் ஒன்றையாவது வாய் திறந்து பாடச் சொன்னால் என் முகத்தையே பார்த்தான். பாட்டு என்பது பார்க்கிற பொருள் என்று அவன் மனத்தில் பதிந்துவிட்டது. அது என்னை மிகவும் உறுத்தியது.

அதன் பிறகு வந்த விடுமுறைகளில் நாங்கள் வீட்டில் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். சங்கீதம் படிக்காத, "எனக்குப் பாடவே வராது" என்று ஒதுங்கிக்கொள்கிற அம்மா, அப்பா, ஆயா, தாத்தா எல்லோருக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு ஒன்று முதல் ஆறு வயதுக்குள் இருக்கலாம். காலம், டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடுவில் வரும் போகி வரை. இடையில் சில நாள் பள்ளி திறந்தாலும் மாலைகள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் கேரல் பவனி, மார்கழி பஜனை, போகி மேளம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்கே வந்து சேரும் காலம் இது. வட சென்னையில் இதைப்போலக் காதுக்கு விருந்து வைக்கும் வாரங்கள் வேறு இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதைப் பாடினாலும், எதைத் தட்டினாலும், அதில் ஓர் இடத்தைப் பிள்ளைக்காகக் காலியாக விடுங்கள். "காக்கா வந்தது, கத்திப் பார்த்தது, தட்டில் இருந்த எதைத் தூக்கிப் போனது?" என்று இழுத்துப் பாடிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை என்றால் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவது நமக்குத்தான் கடினம், உடனே நாமே "வடை!" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சொல்லாதீர்கள். பிள்ளையின் உதடு அசையும், தோள் நிமிரும், கண் உங்கள் வாயைப் பார்க்கும். பிறகு அந்தச் சொல் வரும். சில நாள் சொல்லுக்குப் பதிலாக ஒரு துள்ளல் மட்டும் வரும். அதுவும் பாட்டில் சேர்த்திதான். கைபேசியால் செய்ய முடியாதது இந்தக் காத்திருப்பு. பிள்ளை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

தொடங்கும் முன்

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பசியோ தூக்கமோ இல்லாத வேளையாகப் பாருங்கள். காலைச் சாப்பாடு முடிந்து அரைமணி நேரம் கழித்து உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் சரியாக வருகிறது. பிள்ளை எழுந்து போனால் போகட்டும். நீங்கள் இன்னும் ஒரு நிமிடம் தட்டிக்கொண்டிருங்கள். பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருக்கக்கூடும். முதல் நாளே போய், "அண்ணா, பிள்ளைகள் கொஞ்ச நேரம் தட்டுவார்கள், எந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்காது?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காகவே மனிதர்கள் பாதி இறங்கி வருவார்கள்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு அந்த அளவை 75 டெசிபலாகக் குறைத்திருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் அதிகம். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பது மூடிய அறைக்குள் கொடுமையான சத்தம். தட்டின் கீழ் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை வம்பு செய்கிறது என்று திட்டாதீர்கள். அதற்கு உண்மையாகவே வலிக்கிறது.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை, முக்கியமாக அப்பாக்களுக்கு. ஆண்களின் கட்டைக் குரலுக்குப் பிள்ளைகளால் இறங்க முடியாது. உங்களுக்கு வசதியான இடத்தில் பாடினால் அவர்கள் முனகுவார்கள் அல்லது கத்துவார்கள். கொஞ்சம் மேலே ஏறி, குழந்தையைக் கொஞ்சும்போது குரல் தானாகப் போகும் அந்த உயரத்தில் பாடுங்கள். ஐந்து ஸ்வரங்களுக்குள் ஏறி இறங்கும் சின்ன மெட்டு போதும். தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் அநேகமாக அந்த அளவுக்குள்தான் இருக்கின்றன.

முதல் நாள்: வாசலில் ஒரு நிமிடம்

கருவி எதுவும் வேண்டாம். வாசற்படியில் பிள்ளையோடு உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். ஒரு நிமிடம். பிறகு, "என்னென்ன கேட்டது?" என்று கேளுங்கள். எங்கள் வாசலில் முதல் நாள் வந்த பட்டியல் இது: குக்கர் விசில், தண்ணீர் லாரி வந்ததும் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், கூடையோடு வரும் மீன்காரம்மாவின் குரல், கன்டெய்னர் லாரி பிரேக் போடும்போது விடும் "புஸ்ஸ்", கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் ஊதுவது. இவற்றில் ஒன்றை நீங்கள் வாயால் செய்து காட்டுங்கள், எது என்று பிள்ளை சொல்லட்டும். அடுத்து பிள்ளை செய்யட்டும், நீங்கள் சொல்லுங்கள். தெரிந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

மீன்காரம்மாவின் குரலைக் கூர்ந்து கேட்டால் அது பேச்சு இல்லை, பாட்டு என்பது புரியும். ஒரு சொல்லை நீட்டி மேலே ஏற்றி, கடைசியில் சட்டென்று இறக்குவார். எல்லா நாளும் அதே மெட்டு. என் மகள் முதன்முதலாகச் சுருதி தவறாமல் பாடியது அதைத்தான்.

மீன் பெயரில் தாளம்

இந்தப் பகுதியில்தான் நாங்கள் அதிக நாள் தங்கினோம். நீங்களும் தங்கலாம்.

மிருதங்கம் படிப்பவர்கள் வாயால் சொல்லும் சொற்கட்டுகள் உண்டு: இரண்டுக்குத் "தக", மூன்றுக்குத் "தகிட", நான்குக்குத் "தகதிமி". சின்னப் பிள்ளைக்கு இந்தச் சொற்களில் பொருள் இல்லை. ஆனால் அதற்குத் தெரிந்த சொற்களிலேயே இதே கணக்கு இருக்கிறது. காசிமேட்டு மீனையும் காலை டிபன் கடையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"சுறா": இரண்டு தட்டு.
"கவலை": மூன்று தட்டு. கவலை மீனைச் சொல்கிறேன்.
"வடகறி": நான்கு தட்டு.

தொடையில் தட்டிக்கொண்டே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வடகறி, வடகறி, வடகறி, வடகறி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள், மீதி எழுத்துகள் தொடையில். வேகம் கூட்ட வேண்டாம். சமமாகப் போவதுதான் கடினம், அதுதான் முக்கியமும். இரண்டு நாள் கழித்து நடுவில் ஒன்றை விழுங்கிவிடுங்கள்: வடகறி, வடகறி, (மௌனம்), வடகறி. மௌனத்தின்போதும் கை தொடையில் நான்கு தட்டட்டும். அந்த இடத்தில் பிள்ளை தானாக "வடகறி!" என்று போட்டு நிரப்பும். நிரப்பிய பின் தன் சாமர்த்தியத்தைத் தானே கண்டு சிரிக்கும்.

நான்கு வயதுக்கு மேல் இருந்தால் சேர்த்துப் பாருங்கள். "சுறா கவலை" என்று தொடர்ந்து சொன்னால் இரண்டும் மூன்றும் ஐந்து. இது கண்ட நடை. "கவலை வடகறி" என்றால் மூன்றும் நான்கும் ஏழு, இது மிஸ்ரம். "வடகறி சுறா கவலை" ஒன்பது, சங்கீர்ணம். மூன்று திஸ்ரம் என்றும் நான்கு சதுஸ்ரம் என்றும் சொன்னால் கர்நாடக சங்கீதத்தின் ஐந்து நடைகளும் வந்துவிட்டன. இந்தப் பெயர்களைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். ஏழில் ஒரு நொண்டல் இருக்கும், அந்த நொண்டலுக்கு ஏற்ப அறைக்குள் நடந்து பாருங்கள், உடம்புக்குத் தெரிந்துவிடும். என் மகன் "கவலை வடகறி" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறான். பெரியவர்கள் பலர் தடுமாறும் கணக்கு அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் தாளத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கானா பாடுகிறவர்கள் மேசை, தகரம், கையில் கிடைத்தது எதுவானாலும் அதைத் தட்டியே ஒரு கூட்டத்தைக் கட்டிப் போடுவதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தத் தட்டலைக் கீழாகப் பேசுவோர் உண்டு. அவர்கள் சரியாகக் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். சொற்கள் எல்லாம் சின்னப் பிள்ளைக்கு ஏற்றவை அல்ல என்பது உண்மை. தாளத்தை எடுத்துக்கொண்டு சொல்லை நீங்களே போடுங்கள்: இன்று காலை யார் பல் தேய்க்கவில்லை, பூனை எங்கே படுத்திருக்கிறது, இப்படி. உங்கள் தெருவில் நன்றாகத் தட்டத் தெரிந்த மாமா ஒருவர் இருந்தால் ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பிள்ளை அவர் விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும்.

கிலுகிலுப்பை செய்வது

காலியான சின்னத் தண்ணீர் பாட்டில்கள் மூன்று. நன்றாகக் காய வையுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் தானியம் ஒட்டி ஊமையாகிவிடும். ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் கொண்டைக்கடலை. கால் பாட்டில் அளவு போதும். நிறைத்தால் உருள இடமில்லாமல் சத்தம் செத்துவிடும். கேழ்வரகு மழைத் தூறல் போலவும், கொண்டைக்கடலை கல் மழை போலவும் ஒலிக்கும்.

மூடியைத் திருகியதோடு விடாதீர்கள். நான் அப்படி விட்டேன். சின்னவள் அரைமணி நேரத்தில் மூடியைக் கழற்றி, கடலை ஒன்றை மூக்கருகே கொண்டு போனாள். எட்டிப் பிடித்துவிட்டேன்; ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் மூடியின் உள்விளிம்பில் பசை தடவித் திருகி, மேலே நாடாவை நான்கைந்து சுற்று ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் திருகிப் பாருங்கள். விளையாட்டு முடிந்ததும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

விளையாட்டு எளிது. நீங்கள் பாடும்போது குலுக்கலாம், நிறுத்தினால் குலுக்கக் கூடாது. நிறுத்துவதில்தான் முழு ருசியும். ஐந்து வயதுப் பையன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்து, ஒரு மணிகூட உருளாமல் மூச்சைப் பிடித்து நிற்பதைப் பாருங்கள். சட்டென்று நிற்கக் கற்பது தாளத்தில் பாதிப் பாடம்.

ஒன்பது, பத்து மாதக் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம், அதன் கையே போதும். பிள்ளைத்தமிழில் சப்பாணி என்று ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். குழந்தை இரண்டு கையையும் சேர்த்துத் தட்டும் ஒன்பதாம் மாதத்துக்கு உரியது. பின்னால் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை என்று ஒரு பருவம் வரும், சின்னப் பறையைக் கையில் கொடுத்துக் கொட்டச் சொல்வது. பெண்பிள்ளைக்கு அந்தப் பருவத்தை வைக்கவில்லை. நம் வீட்டில் பெண்பிள்ளைக்கும் பறை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலை இழுப்பது

என் ஆயா கரைவலை இழுத்த கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று நம் கரையில் அதற்கு இடம் குறைந்துவிட்டது. துறைமுகத்தின் கல் அணைகள் கடலோடு வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையை அரித்து, அலைக்கு எதிராகக் கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. மணல் போனாலும் பாட்டு இருக்கிறது. ஒருவர் "ஏலேலோ" என்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஐலசா" என்று சேர்ந்து இழுப்பார்கள். எல்லோர் பலமும் ஒரே நொடியில் கயிற்றில் விழுவதற்காக உண்டான பாட்டு அது. தாளம் எதற்கு என்று பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

பழைய நூல் புடவை ஒன்றை முறுக்கிக் கயிறாக்குங்கள். ஒரு முனையில் தலையணையைக் கட்டித் தரையில் போடுங்கள். அதுதான் வலை. மறுமுனையைப் பிள்ளைகளும் நீங்களும் பிடியுங்கள். கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், கழுத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நீங்கள் "ஏலேலோ" என்று நீட்டுங்கள், கை அசையக் கூடாது. "ஐலசா"வில் மட்டும் எல்லோரும் இழுக்க வேண்டும். நான்கைந்து இழுப்பு ஆனதும் சொல் சேருங்கள்:

"வலையில் என்ன கனக்குது?" – "ஐலசா!"
"வாலை வாலை ஆட்டுது?" – "ஐலசா!"
"பேரைச் சொன்னால் ஏறிடும்..."

இங்கே நிறுத்திவிடுங்கள். பிள்ளை ஒரு மீனின் பெயரைச் சொல்லும், எல்லோரும் இழுப்பார்கள். எங்கள் வீட்டில் வஞ்சிரம், இறால், சுறா எல்லாம் ஏறிய பிறகு ஒரு நாள் யானை ஏறியது. ஏற்றிக்கொண்டோம். இரண்டாம் நாள் எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் தன் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதன் முதுகு நிமிர்வதை நீங்களே பார்ப்பீர்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த விளையாட்டு மிக நல்லது, வாய் திறக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கலாம்.

டம்ளர் ஜலதரங்கம்

மழையோ வெயிலோ வெளியே போக முடியாத பகலுக்கு இது. பீங்கான் கோப்பை அல்லது கண்ணாடி டம்ளர் நான்கு, ஒரே அளவாக இருந்தால் நல்லது. மடித்த துண்டின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள், ஒன்றை ஒன்று தொட்டால் ஒலி அடங்கிவிடும். முதலாவது காலி. இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரை, நான்காவதில் முக்கால் தண்ணீர். ஒன்றில் மஞ்சள் தூள், ஒன்றில் பீட்ரூட் சாறு கலந்தால் எது எது என்று பிள்ளைக்கு அடையாளம் தெரியும். மரக்கரண்டியின் காம்பால் விளிம்பை ஒட்டி மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். கண்ணாடி என்பதால் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தண்ணீர் கூடக் கூட ஒலி தாழும். கோப்பையின் சுவர் அதிர்வதால் ஒலி வருகிறது, தண்ணீரின் கனம் அந்த அதிர்வை மெதுவாக்குகிறது. இதே தண்ணீரைச் சோடா பாட்டிலில் ஊற்றி வாயில் ஊதினால் நேர்மாறு: தண்ணீர் கூடினால் ஒலி உயரும். அங்கே அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. ஐந்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு "ஏன்?" என்று கேட்கும். பதிலை உடனே கொடுக்காமல், எது நடக்கும் என்று அதையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

தெருவுக்கு இறங்குவது

ஒரு காலை ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய் வாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. டிக்கெட் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்திலிருந்து தள்ளி உள்ள பெஞ்சில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி உட்காருங்கள். இப்போது தண்டவாளங்களை நெடுந்தூரம் ஒன்றாக இணைத்துவிடுவதால் பழைய "தடக் தடக்" எல்லா இடத்திலும் வராது. பாதை பிரியும் இடங்களில் வரும். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயிலில் போனால் நன்றாகக் கேட்கும். ஒரு பெட்டியின் பின் சக்கரங்கள் இரண்டு ஜோடி, அடுத்த பெட்டியின் முன் சக்கரங்கள் இரண்டு ஜோடி, நான்கும் அடுத்தடுத்து விழும், பிறகு ஓர் இடைவெளி. தடதட தடதட... தடதட தடதட. மகன் என் மடியில் தட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று திரும்பி, "அம்மா, ரயில் வடகறி சொல்கிறது" என்றான். அந்த இடைவெளியையும் சரியாக விட்டுத் தட்டினான்.

கேரல் குழு பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளில் வரும். ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த மதத்து வீடானாலும் கதவைத் திறந்து கேட்பது இந்தப் பகுதியின் வழக்கம். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு சின்னக் குழந்தைகள் மிரளும். இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பாட்டு முடிந்ததும், "தம்பி, பிள்ளை ஒரு முறை மணியை அடித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். மறுநாள் வீட்டிலேயே பவனி நடத்துங்கள்: ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பாடிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருக்கும் ஆயா பிஸ்கட்டோ முறுக்கோ கொடுத்து அனுப்ப வேண்டும்.

மார்கழி விடியலில் பஜனை போகும் தெருவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. திருப்பாவையின் 30 பாடல்களும் திருவெம்பாவையின் 20 பாடல்களும் ஒரே சொல்லில் முடிகின்றன: "எம்பாவாய்". நடுவில் உள்ளது எதுவும் தெரியாத மூன்று வயதுப் பிள்ளை, முடிவில் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். நீங்கள் "ஏலோர்..." என்று நிறுத்துங்கள். பிள்ளைக்கு விடும் இடத்தைப் பாட்டே வைத்திருக்கிறது. பனியில் தலைக்குத் துணி கட்டி அழைத்துப் போங்கள். எழுந்திருக்காவிட்டால் எழுப்ப வேண்டாம்.

போகி மேளம்

ஜனவரி பத்தாம் தேதி வாக்கில் பானையும் கரும்பும் வருவதற்கு முன்பே தெருவோரம் மேளங்கள் குவிந்துவிடும். மண் வளையத்தில் தோல் ஒட்டியதும் உண்டு, பிளாஸ்டிக் வளையத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதும் உண்டு. முடிந்தவரை தோல் மேளம் வாங்குங்கள். வாங்கும்போது மூன்று இடம் பாருங்கள்: விளிம்பில் தோல் தூக்கிக்கொண்டிருக்கிறதா, வளையத்தில் விரிசல் இருக்கிறதா, நடுவில் விரலால் சுண்டினால் ஒலி நிற்கிறதா. பிள்ளைக்கு எட்டும் எடையில், ஒரு கையால் பிடிக்கக் கூடியதாக இருக்கட்டும்.

போகிக்கு முன்பே மூன்று நாள் வீட்டில் பழக்குங்கள். மேளத்தைக் கையில் கொடுத்ததும் ஐந்து நிமிடம் கண்டபடி அடிக்க விடுங்கள், அந்த ஆசை தீர வேண்டும். பிறகு நீங்கள் நான்கு தட்டு, பிள்ளை நான்கு தட்டு. வடகறி கேட்டால் வடகறி பதில். பழகியதும் அது கேட்கும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

போகி விடியலில் பனியால் தோல் தளர்ந்து மேளம் "பொத்" என்று ஊமையாகிவிடும். அப்போது பெரியவர் ஒருவர் மேளத்தை வாங்கி, தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும். தோல் இறுகி ஒலி ஏறிவிடும். பறை வாசிப்பவர்கள் செய்வதும் இதேதான். பிளாஸ்டிக் மேளத்தைக் காட்டினால் உருகிவிடும். பிள்ளை தீக்கு அருகில் போக வேண்டாம். டயர், பிளாஸ்டிக் எரிகிற இடமாக இருந்தால் நீங்கள் யாருமே நிற்க வேண்டாம், அந்தப் புகை சின்ன நெஞ்சுக்கு ஆகாது. கைக்குழந்தையின் தலைமாட்டில் யாரையும் அடிக்க விடாதீர்கள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் நீங்கள் நடுவில் நின்று கையைத் தூக்குங்கள், தூக்கினால் எல்லோரும் நிறுத்த வேண்டும், இறக்கினால் அடிக்க வேண்டும். கிலுகிலுப்பையில் நிற்கப் பழகிய பிள்ளை எது என்று அப்போது தெரிந்துவிடும்.

போகி முடிந்த மறுநாள் பல மேளங்கள் குப்பையில் கிடக்கும். நம் மேளத்தை ஈரமில்லாத துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டு வையுங்கள். தோல் கிழிந்துவிட்டால், வளையம் உடையாமல் இருக்கும்வரை, பெரிய பலூன் ஒன்றின் கழுத்தை வெட்டி வளையத்தின் மேல் இழுத்து மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கலாம். வெட்டிய துண்டைச் சின்னக் குழந்தை வாயில் போட்டுவிடாமல் அப்போதே எடுத்துவிடுங்கள். ஒலி சன்னமாக இருக்கும். வீட்டுக்குள் அடிக்க அதுவே நல்லது. பகலில் தூங்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் கேட்காது.